அடுப்பு பற்ற வைக்காத மூன்று நாள்

1

சென்ற வாரம் எங்கள் தபால் பெட்டியில் வழவழப்பான தாள் ஒன்று கிடந்தது. மெல்போர்ன் நகரத்தின் நடுவே, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் போன வருடம் திறந்த உணவுக் கூடத்துக்கு ஒரு வயது நிறைந்துவிட்டதாம். சிங்க நடனம் உண்டு, எல்லாக் கடையிலும் மாதிரிக்கு ஒரு வாய் இலவசம், குடும்பத்தோடு வந்து ஆசியாவை ருசி பாருங்கள் என்று அழைத்திருந்தார்கள். என் மனைவி மும்தாஜ் அதை ஒரு முறை பார்த்தாள். நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே துணி மடிக்கப் போய்விட்டாள்.

அந்தக் கூடம் திறந்த வாரத்தில்தான் நாங்கள் நாள் தவறாமல் அங்கே வாங்கிச் சாப்பிட்டோம். ஊரில் இதைப் படிப்பவர்கள், ‘வெளிநாட்டுக்குப் போனதும் வீட்டுச் சோறு கசந்துவிட்டது போல’ என்று நினைக்கலாம். இங்கேயே ஒருவர் அப்படித்தான் நினைத்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நாங்கள் ருசி தேடிப் போகவில்லை. என் அண்ணன் இறந்து போயிருந்தார். வீட்டில் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. அதனால் போனோம்.

2

நான் தர்மபுரி டவுன்காரன். ஓசூர் தொழிற்பேட்டையில் அச்சும் கருவியும் செய்கிற டூல் மேக்கராக இருந்தேன். கையில் தொழில் இருக்கிறவனுக்கு இந்த நாட்டில் இடம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டு, எண்பத்திரண்டில் வந்து சேர்ந்தேன். அப்போது மகள் நஸ்ரினுக்கு வயது ஆறு. இப்போது தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற வயதுக்கு வந்துவிட்டாள். “என்ன சாப்பிட்ட?” என்று கேட்டால் “நத்திங்” என்பாள். எங்கள் பேச்சுவார்த்தை பெரும்பாலும் அந்த அளவில் முடிந்துவிடும்.

அண்ணன் இஸ்மாயில் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். தொப்பூர்க் கணவாய் இறங்கி முடிகிற இடத்தில் பரோட்டா கடை வைத்திருந்தார். சேலத்துக்கும் பெங்களூருக்கும் லாரி ஓட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர் சால்னாவை நினைத்து இந்நேரம் எச்சில் விழுங்கியிருப்பார்கள். கணவாயில் லாரி கவிழ்ந்தால் செத்தவனின் சொந்தக்காரர்கள் நாமக்கல், சங்ககிரி பக்கமிருந்து டாக்சி பிடித்து வருவார்கள். போலீஸ் எழுதி முடிக்கும்வரை அண்ணன் கடைக்கு எதிரே உள்ள புளிய மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் கடைக்குள் வர மாட்டார்கள். அண்ணன் போய் “சாப்பிடுறீங்களா?” என்றும் கேட்க மாட்டார். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். அவர் பாட்டுக்குத் தட்டும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போய் அவர்கள் எதிரில் குந்தி உட்கார்ந்துவிடுவார். “ரெண்டு வாய். எனக்காவ ரெண்டே ரெண்டு வாய்” என்பார். சாப்பிட வைக்காமல் எழுந்திருக்க மாட்டார்.

எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம். ஒரு வீட்டில் மௌத்து, அதாவது சாவு, விழுந்துவிட்டால் மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. சோறு அக்கம்பக்கத்திலிருந்து வரும். யார் வீட்டு முறை என்று யாரும் யாரிடமும் பேசி வைக்க மாட்டார்கள், ஆனாலும் வேளை தவறாது. மௌத்து வீட்டார் கேட்கவும் கூடாது. அண்ணனுக்கு அதுதான் முக்கியம். “மௌத்து வூட்டுக்காரன் வாயத் தொறந்து பசிக்குதுன்னு சொல்ற மாதிரி ஆச்சுன்னா, அந்தத் தெருவுல மனுசங்களே இல்லன்னு அர்த்தம்டா” என்பார். டவுனில் எங்கே மௌத்து என்று கேள்விப்பட்டாலும் முதல் வேளைச் சட்டி அவருடையதாகத்தான் இருக்கும். ஒருமுறை என்னிடம் கொடுத்தனுப்பினார். எனக்குக் கூச்சம். நடையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அப்போது எனக்கு மீசை முளைத்துவிட்டது, வேலைக்கும் போய்க்கொண்டிருந்தேன், ஆனாலும் கடை ஆட்கள் எதிரிலேயே காது கிழியத் திட்டினார்.

3

அந்த அண்ணனின் சாவு எனக்கு ஐந்து நாள் கழித்துத் தெரிந்தது. இதில் தந்தி ஆபீசைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நாங்கள் அப்போதுதான் ஒரு மாடி வீட்டுக்குக் குடி மாறியிருந்தோம். புது முகவரியைக் குடியேற்ற அலுவலகத்துக்கு மூன்று படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். பாங்க்குக்குச் சொன்னேன், பள்ளிக்கூடத்துக்குச் சொன்னேன், தொழிற்சாலையில் சொன்னேன், நூலகத்துக்குக்கூடச் சொன்னேன். அண்ணனுக்கு எழுத ஆரம்பித்த கடிதம் பாதியில் நின்று மேஜை மேல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை புது வீட்டுக்குத் திரைச்சீலை மாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பழைய வீட்டுக்காரர் தந்தியைக் கையில் எடுத்துக்கொண்டு தேடி வந்தார். “முக்கியமானது போலத் தெரிகிறது” என்று கொடுத்துவிட்டு, என் முகம் மாறியதும் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். ‘அண்ணன் காலமானார், உடனே பதில்’ என்பதுதான் செய்தி. சாவுச் செய்தி கேட்டால் ஓதுகிற இன்னாலில்லாஹியைச் சொன்னேன்.

அண்ணன் கடைக்கு எதிரில் உள்ள பெட்ரோல் பங்க்குக்கு டிரங்க் கால் போட்டு, அண்ணன் மகன் அன்வரைக் கூப்பிடச் சொன்னேன். ஓடி வந்த மூச்சோடு பேசினான்.

“நெஞ்சு வலின்னு கல்லாவுல சாஞ்சாருங்க சின்னத்தா. ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகல. தந்தி அன்னிக்கே குடுத்துட்டோம். நீங்க ஒரு வார்த்த அனுப்புவீங்கன்னு சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்பறமும் அடக்காம வெச்சிருந்தோம். பெரியவங்க நேரமாச்சுன்னுட்டாங்க.”

“அண்ணி?”

“இருக்காங்க. மூணு நாளும் சோறு வந்துச்சு. நல்லம்பள்ளிக்காரங்க தக்காளி மூட்டையே கொண்டாந்து எறக்கிட்டாங்க. லாரிக்காரங்க கெடையா கெடந்தாங்க. நேத்துதான் அம்மா அடுப்பு பத்த வெச்சாங்க.” பிறகு கேட்டான். “நீங்க சாப்பிட்டீங்களா, சின்னத்தா? அங்க யாரு கொண்டாந்தாங்க?”

லைன் கட்டாகிவிட்டது என்று நினைக்கட்டும் என்று போனை வைத்துவிட்டேன்.

4

போகவும் வழியில்லை. எங்கள் மூன்று பேர் பாஸ்போர்ட்டும் நிரந்தரக் குடியிருப்பு முத்திரைக்காகக் குடியேற்ற அலுவலகத்தில் இருந்தன. தொழிற்சாலையில் துக்க விடுப்புக்கு ஒரு படிவம் தந்தார்கள். ‘இறந்தவர் உங்களோடு ஒரே வீட்டில் வசித்தவரா?’ என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதினேன். அப்படியானால் விடுப்பு ஒரு நாள்தான். சூப்பர்வைசர் நல்ல மனிதர், படிவத்துக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

தந்தி வந்த அன்றே சமையலறையில் காஸ் குழாயை மூடினேன். மும்தாஜ் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஏங்க, அங்கயே பத்த வெச்சாச்சுங்களே. மூணு நாள் கழிஞ்சு போச்சு.”

“எனக்கு இன்னிக்குத்தான் மௌத்து.”

“நாம சாப்பிட வேணாமுங்களா? யாரு கொண்டாந்து குடுப்பாங்க?”

நஸ்ரின் வாசற்படியில் நின்று எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளுடைய சந்தேகங்கள் ஆரம்பித்தன. “டோஸ்டரும் அடுப்பா, அத்தா?” நெருப்பு இல்லாவிட்டாலும் அதுவும் அடுப்புதான் என்றேன். “கெட்டில்?” அதுவும்தான். “வொய்?” என்றாள். என்றைக்குமில்லாமல் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பெரியத்தா எப்படிப்பட்டவர், சட்டி எப்படிப் போகும், கொண்டு போகிறவர்கள் எதிரில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிட வைப்பார்கள், ஏன் கேட்கக் கூடாது என்று எல்லாம். நடுவில் ஒரு முறைகூட அவள் டி.வி. பக்கம் திரும்பவில்லை. கடைசியில், “நெக்ஸ்ட் டோர்ல யாருக்குமே தெரியாதே, அத்தா” என்றாள்.

தெரியாதுதான். இடது பக்கத்து வீட்டுத் தம்பதியை ‘குட் மார்னிங்’ அளவுக்குத் தெரியும். வலது பக்கத்துப் பையனை அவன் காரின் சத்தத்தை வைத்துத்தான் தெரியும். ஊரில் பள்ளிவாசலில் ஒருமுறை சொன்னால் போதும். இங்கே நானே கதவைத் தட்டி ‘என் அண்ணன் செத்துவிட்டார்’ என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவர்கள் ஏதாவது கொண்டு வருவார்கள், இவர்களும் மனிதர்கள்தான். ஆனால் வழக்கம் தெரிந்த எனக்கு அது கேட்டு வாங்குவதாகத்தான் இருக்கும். அண்ணனுக்காக அந்த மூன்று நாளாவது யாரையும் கேட்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தேன். என்னால் அவருக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் மீதி இருந்தது. அன்று ராத்திரி ரொட்டியும் ஆறிய பாலும்தான்.

5

மறுநாள் குழந்தையின் முகம் வாடியிருந்தது. மும்தாஜ்தான் சொன்னாள், “ஸ்டேஷன்கிட்ட புதுசா தொறந்திருக்காங்களாம். காசு குடுத்து வாங்கறது கேக்கறதாகாதுங்க.” டிராம் ஏறிப் போனோம்.

கூரை உயரமான பெரிய ஹால். காகித விளக்குகளும் பலூன்களும் தொங்கின. சுவரை ஒட்டி வரிசையாகப் பன்னிரண்டு கடைகள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் தட்டை எடுத்துக்கொண்டு வேண்டிய கடையில் வாங்கி, நடுவில் உள்ள மேஜைகளில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வெள்ளைக்காரர்கள் திருவிழாவுக்கு வந்தவர்களைப் போல ஒவ்வொரு கடையாக மோந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூவரும் ஒவ்வொரு கடையாக விசாரித்துக்கொண்டு போனோம்.

சீனர் கடையில் வாத்துகள் கழுத்தில் கொக்கி மாட்டித் தொங்கின. காய்கறி நூடுல்ஸ் கேட்டேன். கடைக்காரர் என்னையும் மும்தாஜின் முக்காட்டையும் பார்த்துவிட்டு, தாளிப்பது பன்றிக் கொழுப்பில் என்று அவராகவே சொல்லிக் கையை விரித்தார். நேர்மையான மனிதர். ஜப்பான் கடையில் சாப்பாட்டை மெழுகில் செய்து கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். மெழுகில் இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்ய முடியுமா என்று டூல் மேக்கரான எனக்கு ஆச்சரியம். சோற்றுக்குள் பச்சை மீன் என்று தெரிந்ததும் மும்தாஜ் என் கையைப் பிடித்து இழுத்தாள். தாய்லாந்துக் கடையில் தேங்காய்ப்பால் கொதிக்கிற வாசனை வயிற்றைப் பிடுங்கியது. ஆனால் கோழி எந்தக் கறிக்கடையிலிருந்து வந்தது என்று அங்கே யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. வியட்நாம் கடையில் ஒல்லியான ஒரு அம்மாள் சோயாப் பாலை உறைய வைத்து வெட்டிய கட்டிகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கேள்விகளைப் பொறுமையாகக் கேட்டு, புது எண்ணெயை வேறு சட்டியில் ஊற்றிப் பொரித்து, வெள்ளைச் சோற்றோடு கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு திரும்பியபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கல்லின் மேல் மாவை அடிக்கிற சத்தம். கடைசிக் கடையில் மலேசியாவின் பினாங்குக்காரர் ஒருவர் பரோட்டா மாவை வீசிக்கொண்டிருந்தார். வீசி, விரித்து, காற்றில் ஒரு சுழற்றுச் சுழற்றி, கல்லில் அடித்து, மடித்தார். ஹலால் என்று அரபியில் பலகை இருந்தது. மெல்போர்ன் முழுக்க எங்களுக்கு ஏற்ற கடை என்றால் அதுதான்.

“வாங்க வாங்க, ரொட்டி சூடா இருக்குலா! தமிழா? ஊரு எது?” என்றார்.

“தர்மபுரி.”

“நம்ம பாட்டன் நாகூர். இன்னிக்கு என்ன விசேஷம், குடும்பத்தோட கிளம்பி வந்திருக்கீங்க?”

வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அந்த மனிதர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். “சும்மாதான். புள்ள ஆசப்பட்டுச்சு” என்றேன். நஸ்ரின் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் மும்தாஜுக்கும் ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். நான் வியட்நாம் சோற்றைப் பிசைந்துகொண்டு கடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் மாவு கல்லில் விழும் ஒவ்வொரு அடிக்கும் கவளத்தை எடுப்பதும் திரும்பத் தட்டில் வைப்பதுமாக இருந்தேன். பாதியில் எழுந்துவிட்டேன்.

இரண்டாம் நாளும் போனோம். அன்று வாணியம்பாடிக்காரர் ஒருவர், வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகையில் பார்த்துப் பழக்கம், தட்டோடு எங்கள் மேஜைக்கு வந்தார்.

“என்னா பாய், நேத்தும் இங்கதான் பாத்தேன், இன்னிக்கும் இங்கதான். வூட்டுச் சோறு கசந்துபோச்சா, இல்ல அடுப்பு ரிப்பேரா?”

“ஆமா பாய். ரிப்பேர்தான்” என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். எந்தக் கடையில் ஸ்பேனர் மலிவு என்று வரைக்கும் பேசிவிட்டுப் போனார்.

டிராமில் மும்தாஜ் வெடித்துவிட்டாள். “அவருகிட்ட சொல்லியிருந்தா நாளைக்கு அவரு வூட்டு அக்கா அண்டாவோட வந்து நின்னிருக்கும். உங்க கௌரவம் உங்களுக்கு. உங்க அண்ணனுக்காவ அழறதுக்கு ஒரு மனுசன் நம்ம வூட்டுக்கு வந்தானுங்களா? நீங்களும் யாரையும் வர விட மாட்டீங்க.”

“கேக்கக் கூடாது.”

“சொல்றது கேக்கறதில்லைங்க” என்றாள். அவள் சொன்னது சரி. அப்போதே தெரிந்தது, ஒப்புக்கொள்ளத்தான் முடியவில்லை.

6

மூன்றாம் நாள் நான் எங்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வேலையிலிருந்து வந்து சோபாவில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அண்ணன் வாழ்நாள் முழுக்க எத்தனை வீட்டுக்குச் சோறு சுமந்தார். அவர் தம்பி வீட்டுக் கதவை மூன்று நாளாக ஒருவரும் தட்டவில்லை. என் வாய்தான் காரணம் என்று தெரிந்தும் அழைப்பு மணி அடிக்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மும்தாஜும் நஸ்ரினும் பால் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்கள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து மணி அடித்தது. சாவியை மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன்.

நஸ்ரின் தனியாக நின்றாள். மும்தாஜின் துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தாள், அது தரையைத் தொட்டது. இரண்டு கையாலும் எங்கள் வீட்டு அலுமினியச் சட்டியைப் பிடித்திருந்தாள். உள்ளே வரவில்லை.

“என்னடா, அம்மா எங்க?”

டிராமில் வரும்போதே மனப்பாடம் செய்திருப்பாள் போலிருக்கிறது, மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள்.

“அஸ்ஸலாமு அலைக்கும். நான் பக்கத்து வூடு. உங்க அண்ணன் மௌத்துன்னு கேள்விப்பட்டோம். சோறு கொண்டாந்திருக்கு.”

நான் வழி விட்டேன். வேறு என்ன செய்ய முடியும்? அவள் நேராக வந்து மேஜையில் சட்டியை வைத்து, தட்டு எடுத்து, பினாங்குக்காரரின் ரொட்டியையும் குழம்பையும் எடுத்து வைத்தாள். குழம்பு கொஞ்சம் மேஜையில் சிந்தியது. பிறகு எதிர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“சாப்பிடுங்க. டூ வாய்.”

ஒரு வாய் வைத்தேன். அப்போதுதான் அழுகை வந்தது. தந்தியைப் படித்தபோது வராதது, அன்வர் குரலைக் கேட்டபோது வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. பத்து வயதுப் பிள்ளை எதிரில் இப்படி அழுகிறோமே என்ற நினைப்புகூட இல்லை. அவள் பயந்து எழுந்து ஓடவில்லை. “இன்னும் கொஞ்சம்” என்று தட்டை என் பக்கம் தள்ளினாள். நான் அழுதுகொண்டே இரண்டு ரொட்டியும் சாப்பிட்டேன். ருசி எப்படி என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

இது அவளாகவே செய்தது என்று மும்தாஜ் அப்புறம் சொன்னாள். சட்டியை வீட்டிலிருந்து எடுத்துப் போனதும் அவள்தானாம், அட்டைப் பெட்டியில் கொண்டு வந்தால் கடைச் சாப்பாடு என்று தெரிந்துவிடும் என்றாளாம். எனக்கு இதெல்லாம் தோணலைங்க என்றாள் மும்தாஜ். தான் மட்டும் கீழே மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறாள்.

நான் கை கழுவி வருவதற்குள் நஸ்ரின் சிந்தியதைத் துடைத்து, வெறும் சட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போயிருந்தாள். துப்பட்டாவைச் சரி செய்துகொண்டாள். முகத்தில் சிரிப்பே இல்லை, பெரிய மனுஷி மாதிரி இருந்தது.

“போயிட்டு வரேன்” என்றாள்.

நம் பக்கத்தில் மௌத்து வீட்டை விட்டுப் போகிறவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும், திரும்ப வருகிறேன் என்ற வார்த்தை துக்க வீட்டில் ஆகாது. அதை மட்டும் நான் அவளுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். அவள் இரண்டு படி இறங்கிவிட்டு, நான் பதில் சொல்வதற்காகத் திரும்பிப் பார்த்து நின்றாள்.

“வாங்க” என்றேன். “அவசியம் வாங்க.”